சரிவுள்ள ஒரு ஏக்கர் வீட்டுக்கு எந்த ரைடிங் மோவர்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். அட்லாண்டாவுக்கு வடக்கே ஃபோர்சைத் கவுண்டியில் 1.1 ஏக்கரில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். 21 அங்குலப் புல்வெட்டும் மெஷினைத் தள்ளித் தள்ளியே சனிக்கிழமை போய்விடுகிறது. முன்பக்கம் சமதரை. பின்பக்கம் ஓடையை நோக்கி இறங்குகிறது, நடுவில் பத்துப் பதினைந்து மரம், வேலியில் 4 அடி கேட். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிக்கு, அதாவது ரைடிங் மோவருக்கு, 3,000 டாலர் வரை செலவழிக்கத் தயார். எதிர்வீட்டுக்காரர் நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் வகை வைத்திருக்கிறார், நாமும் அதையே வாங்கிவிடலாமா?

வேண்டாம். 42 அங்குல டெக் (பிளேடை மூடியிருக்கும் அடித்தகடு) உள்ள, ஸ்டீயரிங் வைத்த சாதாரண லான் டிராக்டர் வாங்குங்கள். இந்தப் பக்கம் வந்து பதினோரு வருஷத்தில் மூன்று மெஷின் மாற்றியவன் என்ற முறையில் காரணங்களைச் சொல்கிறேன். அதில் ஒன்றை வாங்கியது முழுத் தப்பு.

முதலில் பரப்பளவு. பத்திரத்தில் 1.1 ஏக்கர் என்றால் நம் ஊர்க் கணக்கில் 110 சென்ட். ஆனால் வெட்ட வேண்டிய புல் அவ்வளவு இருக்காது. வீடு, டிரைவ்வே, பாத்தி, பின்னால் உள்ள காடு எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். கூகுள் மேப்ஸைக் கம்ப்யூட்டரில் திறந்து, வீட்டின் மேல் ரைட் கிளிக் செய்தால் தூரம் அளக்கும் வசதி வரும். புல் இருக்கும் இடத்தைச் சுற்றிப் புள்ளி வைத்து, ஆரம்பித்த இடத்திலேயே முடித்தால் சதுர அடியைச் சொல்லிவிடும். 43,560 சதுர அடி ஒரு ஏக்கர். உங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்த வரையில் 0.7 ஏக்கருக்கு மேல் வராது என்று நினைக்கிறேன்.

கடைக்காரர்கள் பெரிய டெக்கைத் தலையில் கட்டுவது இந்த இடத்தில்தான். ‘ஒரு ஏக்கருக்கு மேலயா? அப்ப 54 எடுங்க’ என்பார்கள். நீங்களே கணக்குப் போடலாம். டெக்கின் அகலத்தை அங்குலத்தில் எடுத்து, மணிக்கு எத்தனை மைல் என்பதால் பெருக்கி, 100ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை ஏக்கர் என்று ஏறக்குறைய வரும். 42 அங்குலம், 4 மைல் வேகம் என்றால் 1.68. இது காகிதக் கணக்கு. ஒரு வரிசையின் மேல் அடுத்த வரிசை கொஞ்சம் ஏற வேண்டும், மரத்தைச் சுற்ற வேண்டும், திரும்ப வேண்டும். அதனால் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். 0.7 ஏக்கருக்கு 50 நிமிஷம். 54 அங்குலமோ ஜீரோ டர்னோ வாங்கினால் இதில் ஒரு கால் மணி நேரம் மிச்சமாகலாம். அந்தக் கால் மணி நேரத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது உங்கள் விருப்பம்.

அடுத்தது சரிவு. மற்றதில் எல்லாம் தப்புச் செய்தால் பணம்தான் போகும். இதில் கால் போகும், சில சமயம் ஆளே போய்விடலாம்.

ஜீரோ டர்னில் ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு நெம்புகோல்கள்தான். இடது கை இடது பின்சக்கரத்தையும் வலது கை வலது பின்சக்கரத்தையும் தனித்தனியாக ஓட்டுகின்றன. ஒன்று முன்னே, ஒன்று பின்னே சுழன்றால் நின்ற இடத்திலேயே திரும்பும். முன்சக்கரங்கள் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் இருப்பதுபோல் தன் போக்கில் திரும்புபவை. சமதரையில் இது சொர்க்கம். சரிவில் என்ன ஆகும்? ஓட்டுவது, திருப்புவது, நிறுத்துவது மூன்றுமே அந்த இரண்டு பின்சக்கரங்களின் பிடியில் இருக்கின்றன. பின்சக்கரம் வழுக்கினால் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும். முன்சக்கரங்கள் எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கம் தாமாகவே திரும்பிக்கொள்ளும்.

எனக்கு நடந்தது. மே மாதம், காலை எட்டரை மணி, பனி காயவில்லை. நண்பருடைய ஜீரோ டர்னை இரவல் வாங்கி என் வீட்டுப் பின்சரிவில் குறுக்காக ஓட்டினேன். இரண்டு வரிசை நன்றாகத்தான் போனது. மூன்றாவதில் மெஷினின் பின்பக்கம் மெல்லக் கீழே நழுவியது. நான் பதறி இரண்டு நெம்புகோலையும் பின்னால் இழுத்தேன். சக்கரம் நின்றது, மெஷின் நிற்கவில்லை. ஈரப் புல்லின் மேல் பலகைபோல் வழுக்கிக்கொண்டே ஒரு பத்தடி போய், ஒரு ஸ்வீட்கம் மரத்தில் பக்கவாட்டாக இடித்து நின்றது. மரத்துக்கு அப்பால் ஆறடியில் ஓடை. கவிழ்ந்திருந்தால் 600 பவுண்டு எடை என் மேல்தான் விழுந்திருக்கும். நண்பருக்கு நெளிந்த டெக் கவசத்தை மாற்றிக் கொடுத்தேன். சரிவில் ஜீரோ டர்ன் ஏறுவது அத்தோடு சரி.

லான் டிராக்டரும் சரிவில் தெய்வம் இல்லை. பெரும்பாலான கம்பெனிகளின் கையேட்டில் 15 டிகிரிக்கு மேல் ஓட்டாதே என்றுதான் இருக்கும், சில ஜீரோ டர்ன்களுக்கு 10 என்றே போட்டிருப்பார்கள். டிராக்டரில் முன்சக்கரத்தை ஸ்டீயரிங் பிடித்து வைத்திருக்கிறது, பிரேக் பெடலும் தனியாக உண்டு. அதனால் ஒரு படி மேல், அவ்வளவுதான். அதையும் சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டக் கூடாது. தள்ளும் மெஷினுக்கு நேர் எதிர். அதைக் குறுக்கேதான் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் கால் வழுக்கி பிளேடுக்குள் போகும்.

15 டிகிரியை எப்படி அளப்பது? ஒரு 5 அடிப் பலகை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கத் தரையில் ஊன்றி, மேலே ரசமட்டம் வைத்து, பலகையைச் சமமாகப் பிடியுங்கள். அந்தரத்தில் நிற்கும் முனையிலிருந்து தரைக்கு 16 அங்குலம் இருந்தால் அதுதான் 15 டிகிரி. ரசமட்டம் இல்லையென்றால் போனிலேயே இருக்கிறது. இதை ஒரே இடத்தில் பார்த்துவிட்டு வராதீர்கள். ஓடைப் பக்கம் போகப் போகச் சரிவு கூடும், நாலைந்து இடத்தில் பாருங்கள். 16 அங்குலத்தைத் தாண்டும் இடத்தில் எந்த ரைடிங் மோவரும் வேண்டாம். அங்கே புல்லை எடுத்துவிட்டுப் பைன் ஸ்ட்ரா (காய்ந்த பைன் மர இலை) போட்டுவிடுங்கள், அல்லது அந்தப் பட்டையை மட்டும் பழைய மெஷினால் தள்ளி வெட்டுங்கள். ஆகவே பழைய மெஷினை விற்க வேண்டாம். கிட்டத்தட்ட சமதரைதான் என்று அளந்தபின் தெரிந்தால், எதிர்வீட்டுக்காரர் கட்சிக்கு நானும் வந்துவிடுகிறேன். அத்தனை மரங்களைச் சுற்ற ஜீரோ டர்னுக்கு நிகர் இல்லை. ஸ்டீயரிங் வைத்து முன்சக்கரத்தையும் திருப்பும் ஜீரோ டர்ன்களும் வருகின்றன. சரிவில் அவை கொஞ்சம் மேல், ஆனால் உங்கள் 3,000க்குள் அடங்குவது கஷ்டம்.

இப்போது கேட். 42 அங்குலம் என்பது வெட்டும் அகலம், மெஷினின் அகலம் அல்ல. வெட்டிய புல் வெளியே வருவதற்கு வலது பக்கம் பிளாஸ்டிக் மடல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்தால் 52, 55 அங்குலம் வரை போகும். 4 அடி கேட் என்பது 48 அங்குலம், அதிலும் கீலும் தாழ்ப்பாளும் தின்றது போக 46 தேறினால் பெரிது. மடலைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நுழைய வேண்டியிருக்கும், அதுவும் பிளேடு நின்றிருக்கும்போது மட்டும். மடலைக் கழற்றியோ கட்டித் தூக்கியோ வைத்துவிட்டு வெட்டாதீர்கள். உள்ளே மாட்டும் கூழாங்கல் துப்பாக்கிக் குண்டுபோல் வரும். 46 அங்குல டெக்கை உங்கள் கேட் வழியே கொண்டுபோக முடியாது. கடைக்குப் போகும்போது டேப்பை எடுத்துப் போய் மடலை மடக்கி அளந்து பாருங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பெரிய டெக் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் உங்கள் புல். போட்டோவில் பார்த்தேன், முன்பக்கம் வெயிலில் இருப்பது பெர்முடா, மரத்தடியில் இருப்பது ஃபெஸ்க்யூ. பெர்முடா என்றால் வேறொன்றுமில்லை, நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்கு மாலை கட்டுவோமே, அதே புல். என் மாமனார் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி. முதல் தடவை இங்கே வந்தபோது நான் உரம் தூவிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ‘வரப்புல இத வெட்டி வெட்டிக் கை சலிச்சுப்போச்சு, இதுக்கு நீங்க உரம் வைக்கிறீங்களா மாப்பிள்ளை?’ என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. பெர்முடாவை 1 முதல் 2 அங்குல உயரத்தில் வெட்டினால்தான் அடர்ந்து பாய்போல் படரும். ஃபெஸ்க்யூவை 3 அங்குலத்துக்குக் கீழே இறக்கினால் ஜூலை வெயிலில் கருகிவிடும். தாழ வெட்டும்போது தரை மேடு பள்ளமாக இருந்தால், அகலமான டெக் ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்து மண்ணையே சீவிவிடும். ஜார்ஜியாவின் செம்மண் அப்புறம் பல்லை இளிக்கும். 42 அங்குலம் மேட்டோடு ஏறி இறங்கும், 54 அவ்வளவாக இறங்காது. டெக்கின் உயரத்தை மாற்றும் நெம்புகோல் உட்கார்ந்தபடியே எட்டுகிறதா என்று பாருங்கள். முன்பக்கத்துக்கு ஒரு உயரம், மரத்தடிக்கு ஒரு உயரம் என்று வாரா வாரம் மாற்றப்போகிறீர்கள்.

அடுத்து டிரான்ஸ்மிஷன், அதாவது எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெட்டி. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது, மெஷினின் ஆயுளோ இதில்தான் இருக்கிறது. மலிவு வகைகளில் பெல்ட்டும் கப்பியும் வைத்து வேகத்தை மாற்றுவார்கள், அல்லது கையால் கியர் மாற்ற வேண்டும். மரங்கள் உள்ள இடத்தில் கியர் மாற்றுவது எரிச்சல். ஹைட்ரோஸ்டாட்டிக் எடுங்கள். எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது, பெடலை மிதிக்க மிதிக்க வேகம் கூடும், காலை எடுத்தால் தானே குறையும். ஆனால் ஹைட்ரோஸ்டாட்டிக்கிலும் தரம் உண்டு. வீட்டு மெஷின்களில் வரும் சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் மூடி முத்திரையிட்டவை, ஆயில் மாற்ற வழி வைத்திருக்க மாட்டார்கள். சமதரையில் பத்து வருஷம் உழைக்கும் பெட்டி, தினம் சரிவு ஏறி, பின்னால் வண்டி கட்டி மண் இழுத்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். எண்ணெய் சூடாகி நீர்த்துப்போகும், அழுத்தம் நிற்காது.

முதலில் சொன்ன தப்பு இதுதான். ஒரு தனி ஆளிடம் பழைய டிராக்டரை 900 டாலருக்கு வாங்கினேன். அவர் வீட்டில் ஸ்டார்ட் செய்து ஒரு மேடு ஏற்றிக் காட்டினார், குதிரைபோல் ஏறியது. வீட்டுக்குக் கொண்டுவந்து நாற்பது நிமிஷம் வெட்டியபின் அதே மாதிரி மேட்டில் பெடலை முழுக்க மிதிக்கிறேன், எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. காலையில் ஆறியபின் மறுபடி ஏறுகிறது. புதுப் பெட்டி போடக் கேட்ட விலை வாங்கிய விலையைத் தாண்டியது. ஆகவே பழையது பார்ப்பதானால், நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள், பிறகு அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டுச் சரிவில் ஏற்றுங்கள். டெக்கின் அடியில் குனிந்து துருவைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பிளேடை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் போயிருக்கிறது.

எஞ்சினில் குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். குதிரைத்திறனைக் கூட்டிச் சொல்லி விற்றதாக அமெரிக்காவில் மோவர் கம்பெனிகள் மேல் பெரிய வழக்கு நடந்து 2010இல் சமரசத்தில் முடிந்தது. அதன்பின் பலர் சிசி அளவை எழுத ஆரம்பித்தார்கள். 42 அங்குலத்துக்கு ஒற்றை சிலிண்டரே போதும். இரட்டை சிலிண்டர் என்றால் அதிர்வு குறைவு, சரிவில் மூச்சு வாங்காது. 200, 300 டாலர் வித்தியாசத்தில் கிடைத்தால் எடுங்கள். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர், கவாசாகி மூன்றில் எது இருந்தாலும் உதிரிபாகம் கிடைக்கும்.

பிராண்ட் எது என்று கேட்பீர்கள். பெரும்பாலான கம்பெனிகள் டிரான்ஸ்மிஷனை டஃப் டார்க், ஹைட்ரோ-கியர் போன்றவர்களிடமும், எஞ்சினை மேலே சொன்ன மூவரிடமும் வாங்கித்தான் பொருத்துகின்றன. கப் கேடட், டிராய்-பில்ட், கிராஃப்ட்ஸ்மேன் மூன்றுமே இப்போது ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் என்ற ஒரே குடையின் கீழ். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பெயின்ட்டைப் பார்த்துச் சண்டை போடுவதில் அர்த்தம் குறைவு. வீட்டிலிருந்து இருபது நிமிஷத்தில் எந்த பிராண்டுக்கு டீலர் இருக்கிறார், மே மாதத்தில் பெல்ட் அறுந்தால் எத்தனை நாளில் தருவார் என்று விசாரியுங்கள். சீசனில் மூன்று வாரம் காத்திருக்கச் சொல்லும் கடைகள் உண்டு. அந்த மூன்று வாரத்தில் உங்கள் அருகம்புல் முழங்காலுக்கு வந்துவிடும், அப்புறம் ஹெச்ஓஏ என்னும் குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கத்திடமிருந்து கடிதம் வரும்.

டெக்கின் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமன். 13 கேஜ் என்பது 2.3 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.4. வீட்டுக்கு 12, 13 போதும், வேர்களில் இடிக்காமல் ஓட்டினால்.

பேட்டரி மெஷின் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சத்தமில்லை, ஆயில் இல்லை, கார்புரேட்டர் அடைப்பு இல்லை. கலிஃபோர்னியாவில் 2024 மாடலிலிருந்து பெட்ரோல் மோவர்களைப் புதிதாக விற்கவே முடியாதபடி விதி வந்துவிட்டது. ஜார்ஜியாவில் அந்தக் கட்டாயம் இல்லை. நல்ல 42 அங்குல பேட்டரி டிராக்டர் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டுகிறது, கம்பெனி சொல்லும் ஏக்கர் கணக்கும் சமதரைக்குத்தான். சரிவும் நீண்ட புல்லும் சேர்ந்தால் சீக்கிரம் இறங்கும். உங்களுக்கு இப்போது வேண்டாம்.

குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மடியில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போவது இங்கே பலர் செய்வதுதான். செய்யாதீர்கள். பிளேடின் நுனி மணிக்கு 200 மைலுக்கு மேல் சுழல அனுமதி உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் ரைடிங் மோவர் ஓட்ட 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. பின்னால் எடுக்கும்போது பிளேடு தானே நின்றுவிடும்படி இப்போது வரும் டிராக்டர்களில் அமைப்பு இருக்கும், அதை மீறிப் பின்னோக்கியும் வெட்டுவதற்கு ஒரு பொத்தானோ சாவியின் தனி நிலையோ இருக்கும். அந்தப் பொத்தான் இருப்பதையே மறந்துவிடுங்கள். மோவர் சத்தம் கேட்டுக் குழந்தை ஓடி வருவது பின்பக்கமாகத்தான். நீங்கள் வெட்டும் நேரம் அவர்கள் வீட்டுக்குள். ஊரிலிருந்து வரும் அப்பாக்களுக்கும் டிராக்டர் மேல் ஒரு கண் இருக்கும். முன்பக்கச் சமதரையை அவர்களுக்குக் கொடுங்கள், ஓடைப் பக்கம் கொடுக்காதீர்கள்.

வாங்கும் நேரம் உங்கள் கையில் இருந்தால் அக்டோபர் வரை பொறுங்கள். கடைகள் இடத்தைக் காலி செய்யப் பார்க்கும், மார்ச்சில் கிடைக்காத தள்ளுபடி அப்போது கிடைக்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை நான்கு டயரிலும் காற்று. பெட்டியிலிருந்து எடுத்த மெஷினில் காற்று கூடக் குறைய இருக்கும், ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் டெக் தாழ்ந்து புல் படிக்கட்டுபோல் வெட்டப்படும். நான் ஒரு சீசன் முழுக்கப் பிளேடைத் திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் வலது பின் டயரில் பாதிக் காற்றுதான் இருந்தது. அளவு டயரின் பக்கவாட்டிலும் கையேட்டிலும் இருக்கும், இரண்டும் வேறாக இருந்தால் கையேட்டில் உள்ளதை வையுங்கள். பெட்ரோல் போடும்போது பம்ப்பில் 15 சதவீத எத்தனால் என்று எழுதியிருந்தால் காருக்கு மட்டும், மோவருக்கு 10 வரைதான். முதல் ஆயிலைக் கையேடு சொல்லும் மணிக்கணக்கில் மாற்றிவிடுங்கள். சில எஞ்சின்களுக்கு அது ஐந்தே மணி நேரம், உங்கள் வீட்டுக் கணக்கில் ஆறாவது சனிக்கிழமை.